அடுத்தவர் கண்ணால் பார்ப்பதை உளவியல் எப்படிச் சோதிக்கிறது: தோட்டப்புறத்தில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த டவுனில் இருப்பவர்களுக்கு, உளவியல் ஆய்வு என்றாலே கோலாலம்பூரில் ஏதோ பெரிய பல்கலைக்கழகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற காரியம் என்ற எண்ணம் இருக்கிறது. சில ஆய்வுகளுக்கு அது சரிதான், மூளையைப் படம் பிடிக்கிற இயந்திரமெல்லாம் நம் பாலர் பள்ளிக்கு வராது. ஆனால் இன்னொருவர் இருக்கும் இடத்திலிருந்து ஒன்றைப் பார்க்க மனிதனால் எப்படி முடிகிறது, எந்த வயதில் முடிகிறது, எப்போது முடியாமல் போகிறது என்று காட்டிய பெயர்பெற்ற சோதனைகளில் பலவற்றுக்கு ஒரு மேசை, இரண்டு பொம்மை, ஒரு டப்பா, கவனமாகக் கேட்ட ஒரு கேள்வி, இவ்வளவுதான் தேவைப்பட்டது. எல்பில் தோட்டத்து லயத்து வீட்டுத் திண்ணையிலும் செய்யலாம்.

பாலர் பள்ளி ஆசிரியர்கள், படிவம் 6 முடித்துவிட்டு உளவியல் எடுக்கப் போகிறவர்கள், பிள்ளை ஏன் இப்படிப் பதில் சொல்கிறது என்று யோசிக்கிற அம்மா அப்பாக்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒவ்வொரு படியிலும் அசல் சோதனை என்ன, அதில் என்ன தெரியவந்தது, நம் கையில் இருக்கும் பொருளை வைத்து அதை எப்படிச் செய்து பார்ப்பது என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

தொடங்கும் முன்: எதைச் சோதிக்கிறோம்?

புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். 'அவர் இடத்துல இருந்து யோசிச்சுப் பாரு' என்று வீட்டில் சொல்லும்போது அது ஒரே திறன் மாதிரி இருக்கும், ஆய்வாளர்களோ அதைக் குறைந்தது மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கோயில் திருவிழாவுக்குப் பின்கட்டில் பெரிய சட்டியில் சாம்பார் கொதிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் பந்தி கவனிக்கும் மாமா நிற்கிற இடத்திலிருந்து அந்தச் சட்டி கண்ணுக்குத் தெரிகிறதா, சுவர் மறைக்கிறதா என்பது ஒரு கேள்வி. உப்பு போட்டாயிற்று என்று அவருக்குத் தெரியுமா, இன்னும் போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரா என்பது வேறு கேள்வி. அவருக்கு உப்பு தூக்கலாக இருந்தால் பிடிக்குமா, தன்னைக் கேட்காமல் போட்டதற்கு மனம் வருந்துவாரா என்பது இன்னும் வேறு. கண்ணுக்குத் தெரிவது, மனதில் நம்புவது, உள்ளே உணர்வது. ஒன்றில் கெட்டியான பிள்ளை அடுத்ததில் தடுமாறலாம், அதனால் எந்தச் சோதனையைப் படித்தாலும் இது இந்த மூன்றில் எதைத் தொடுகிறது என்று ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் முடிவைப் படியுங்கள்.

படி 1: மேசையைச் சுற்றி உட்காருங்கள்

ஆரம்பம் எப்போதும் சுவிட்சர்லாந்துக்காரர் ழான் பியாஜேதான். அவரும் அவரோடு வேலை செய்த பார்பெல் இன்ஹெல்டரும் 1948-இல் வெளியிட்ட மூன்று மலைச் சோதனையில், சுமார் ஒரு மீட்டர் சதுரப் பலகையில் காகிதக்கூழால் செய்த மூன்று மலைகள் இருக்கும். ஒன்றின் உச்சியில் பனி, ஒன்றில் சின்ன வீடு, இன்னொன்றில் சிவப்புச் சிலுவை. பிள்ளை ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும், ஒரு பொம்மையை வேறு பக்கம் வைத்து, பொம்மைக்கு மலைகள் எப்படித் தெரியும் என்று படங்களிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். நாலு ஐந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் தாங்கள் பார்க்கிற காட்சியையே எடுத்து நீட்டினார்கள். ஏழு எட்டு வயதுவாக்கில்தான் மாற்றம் தெரிந்தது, நிலையான சரியான பதில் அதற்கும் பிறகு. சின்னப் பிள்ளை தன் பார்வையை விட்டு வெளியே வர முடியாத நிலையில் இருக்கிறது என்று பியாஜே எடுத்துக்கொண்டார்.

செய்து பார்க்க: ஒரு மைலோ டின், ஒரு சீனி போத்தல், ஒரு முழுத் தேங்காய். ஒன்று இன்னொன்றை ஓரளவு மறைக்கிற மாதிரி மேசையில் வையுங்கள். நாலு பக்கமும் போய்க் கைப்பேசியில் படம் எடுங்கள், ஆனால் நீங்கள் நின்றுகொண்டு எடுக்காதீர்கள், பொம்மையின் தலை இருக்கும் உயரத்துக்குக் கைப்பேசியைத் தாழ்த்தி எடுங்கள், மேலிருந்து எடுத்தால் எதுவுமே எதையும் மறைக்காது. பிள்ளையிடம் முதலில் அதன் சொந்தக் காட்சியை எடுக்கச் சொல்லுங்கள். அதிலேயே தவறினால் படத்துக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பே இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம், பொம்மையைப் பற்றிக் கேட்டுப் பயன் இல்லை. அது சரியாக வந்த பிறகு பொம்மையை ஒவ்வொரு பக்கமாக மாற்றிக் கேளுங்கள்.

இப்போது முக்கியமான இடம். எடின்பரோவில் மார்ட்டின் ஹியூஸ் என்ற ஆய்வாளர் 1975-இல் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார். இரண்டு சுவர்களைச் சிலுவை மாதிரி குறுக்கே வைத்தால் நாலு மூலைகள் கிடைக்கும். இரண்டு போலீஸ் பொம்மைகளை வெவ்வேறு இடத்தில் நிறுத்தி, ஒரு பையன் பொம்மையை இரண்டு பேர் கண்ணிலும் படாத மூலையில் ஒளித்து வை என்றார். மூன்றரை முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள்தான், ஆனால் சரியான பதில்கள் ஏறக்குறைய 90 விழுக்காடு. இந்த வேலையை உலகுக்கு எடுத்துச் சொன்ன மார்கரெட் டொனால்ட்சன் காட்டிய காரணம் எளியது: மலையைப் பார்த்துப் படம் எடுப்பதற்குப் பிள்ளையின் வாழ்க்கையில் எந்த அர்த்தமும் இல்லை, ஒளிந்துகொள்வதற்கு இருக்கிறது. அதே 1975-இல் ஹெலீன் போர்க் என்பவர் படத்தை எடுக்கச் சொல்லாமல் அதே மாதிரியான இன்னொரு காட்சியைச் சுழல் பலகையில் வைத்து, பிள்ளையே திருப்பிக் காட்டும்படி விட்டார். மூன்று நாலு வயதுப் பிள்ளைகள் பழகிய பொருட்கள் இருந்த காட்சியில் நன்றாகவே செய்தார்கள்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் தோட்டப்புறத்துப் பிள்ளைகளை அளந்து 'பின்தங்கியிருக்கிறார்கள்' என்று எழுதி வைக்கிற பழக்கம் நம்மைச் சுற்றி நெடுங்காலமாக இருக்கிறது. பிள்ளை தவறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் கேள்வியை. நம் பக்கம் ஹியூஸின் சோதனையைச் செய்வதாக இருந்தால் போலீஸ்காரர் கூடத் தேவையில்லை. ரம்புத்தான் பழுத்த தோப்பு, இரண்டு ஜாகாக்கள் (காவல்காரர்கள்), பழம் பறிக்க வந்த ஒரு பையன், அட்டையில் வெட்டிய இரண்டு சுவர். முதலில் ஒரே ஒரு ஜாகாவை வைத்துப் பழக்கிவிட்டு, இரண்டாவது ஜாகாவை அப்புறம் கொண்டு வாருங்கள். பையனை எங்கே ஒளிக்க வேண்டும் என்று ஐந்து வயது வாண்டுகள் உங்களை முந்திக்கொண்டு காட்டுவார்கள்.

படி 2: தெரிகிறதா, எப்படித் தெரிகிறது

அமெரிக்கர் ஜான் ஃபிளேவல் கண் சம்பந்தப்பட்ட பகுதியையே இரண்டு நிலையாகப் பிரித்தார். முதல் நிலை, அந்தப் பொருள் அவருக்குத் தெரிகிறதா இல்லையா. இரண்டாம் நிலை, இரண்டு பேருக்கும் தெரிகிறது, ஆனால் அவருக்கு அது எப்படித் தெரிகிறது. ஒரு அட்டையின் ஒரு பக்கம் பூனை, மறுபக்கம் நாய் ஒட்டி நடுவில் நிமிர்த்திப் பிடித்து 'எனக்கு என்ன தெரியுது?' என்று கேட்டால் முதல் நிலை. மூன்று வயதில் பெரும்பாலும் வந்துவிடும். ஆமைப் படத்தை மேசையில் படுக்க வைத்து, உனக்கு ஆமை நிமிர்ந்து நிற்கிறது, எதிரே இருக்கும் எனக்கு நிற்கிறதா, மல்லாந்து கிடக்கிறதா என்று கேட்டால் இரண்டாம் நிலை. இதற்கு நாலு, நாலரை வயது ஆகிறது. ஆமைக்குப் பதில் ஆடு, பஸ், எதையும் வரையலாம், மேலே கீழே தெளிவாக இருந்தால் போதும். பெரியவர்களுக்கும் இந்த இரண்டும் ஒன்றல்ல: எதிராளி உட்கார்ந்திருக்கும் கோணம் நம்மிடமிருந்து விலக விலக, இரண்டாம் நிலைக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்கு நேரம் கூடுகிறது, மனசுக்குள் உடம்பைத் திருப்பி அங்கே கொண்டுபோய் உட்கார வைக்கிற மாதிரி. முதல் நிலைக் கேள்வியில் அப்படி நேரம் கூடுவதில்லை.

படி 3: தெரியாததை நம்புவது

இந்தத் துறையின் நடு அறை இதுதான். அதனால் கொஞ்சம் நின்று போகலாம்.

1983-இல் ஹைன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் ஒரு கதை செய்தார்கள். மாக்சி என்ற பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான், அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றுகிறாள், மாக்சி திரும்பி வந்து எங்கே தேடுவான்? கேட்கிற பிள்ளைக்கு உண்மை தெரியும், மாக்சிக்குத் தெரியாது. சரியான பதில் சொல்ல வேண்டுமானால் பிள்ளை தனக்குத் தெரிந்த உண்மையை ஒதுக்கி வைத்து, இன்னொருவர் மனதில் இருக்கும் தவறான நம்பிக்கையிலிருந்து பேச வேண்டும். மூன்று வயதில் பெரும்பாலான பிள்ளைகள் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டும், நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் பெரும்பாலும் மாறிவிடும்.

செய்து பார்க்க, இரண்டு பொம்மை, நீல டப்பா ஒன்று, சிவப்பு டப்பா ஒன்று. பிள்ளையோடு வீட்டில் பேசுகிற தமிழில்தான் சொல்ல வேண்டும், பாடப்புத்தகத் தமிழில் சொன்னால் நீங்கள் அளப்பது மொழியை.

'இது முத்து. முத்து பிஸ்கட்ட நீல டப்பாவுல வச்சிட்டு வெளிய விளையாடப் போயிட்டான். இப்ப அவங்க அக்கா வராங்க. பிஸ்கட்ட எடுத்துச் செவப்பு டப்பாவுல வச்சிட்டு அவங்களும் போயிட்டாங்க. முத்து திரும்பி வந்துட்டான், அவனுக்குப் பசிக்குது. பிஸ்கட்ட எங்க தேடுவான்?'

இதோடு நிறுத்தாதீர்கள். 'பிஸ்கட் இப்ப உண்மையில எங்க இருக்கு?', 'முத்து மொதல்ல எங்க வச்சான்?' என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டே ஆக வேண்டும். இந்த இரண்டில் ஒன்றில் பிள்ளை தவறினால் அது கதையையே பிடித்துக்கொள்ளவில்லை, அந்தப் பதிலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பாதிப் பிள்ளைகளுக்கு நீலத்திலிருந்து சிவப்புக்கும், மீதிப் பேருக்குச் சிவப்பிலிருந்து நீலத்துக்கும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சிவப்பு பிடித்த பிள்ளையெல்லாம் உங்கள் முடிவைக் கெடுத்துவிடும். அப்புறம் பிள்ளை பதில் சொல்லும்போது உங்கள் கண் எந்த டப்பா மேல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்; பிள்ளைகள் நம் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். கேள்வியை 'மொதல்ல எங்க தேடுவான்?' என்று மாற்றினால் மூன்று வயதுப் பிள்ளைகள் முன்பைவிட நன்றாகச் செய்ததாக 1991-இல் சீகலும் பீட்டியும் காட்டினார்கள், ஆகவே ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொண்டால் எல்லாப் பிள்ளைக்கும் அதையே சொல்லுங்கள்.

இன்னொரு வடிவம் டப்பாவுக்குள் என்ன என்பது. அசலில் ஸ்மார்ட்டீஸ் மிட்டாய்க் குழாய்க்குள் பென்சிலை வைத்தார்கள். நமக்கு மைலோ டின் இருக்கிறது. உள்ளே பொத்தான்களைப் போட்டு மூடி, 'இதுல என்ன இருக்கும்?' என்று கேளுங்கள், 'மைலோ' என்று பதில் வரும். (நெத்திலி போட்டு வைக்காதீர்கள். பல வீட்டில் மைலோ டின்னில் நெத்திலிதான் இருக்கிறது, பிள்ளை அதை எதிர்பார்க்கவே செய்யும்.) திறந்து பொத்தானைக் காட்டி, மறுபடி மூடி, 'இதை இன்னும் பார்க்காத உன் கூட்டாளி கிட்ட கேட்டா என்ன சொல்வாங்க?' என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளை பல நேரம் 'பொத்தான்' என்று சொல்லும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 1988-இல் அலிசன் கோப்னிக்கும் ஜேனட் ஆஸ்டிங்டனும் சேர்த்த கேள்வி: 'திறக்கறதுக்கு முன்னாடி நீ உள்ள என்ன இருக்குன்னு நெனச்ச?' ஒரு நிமிஷத்துக்கு முன் 'மைலோ' என்று சொன்ன அதே பிள்ளை, 'பொத்தான்னு நெனச்சேன்' என்று சொல்லும், அது பொய் சொல்லவில்லை. அந்த வயதில் சற்று முன்பு தான் இருந்த நிலையும் இன்னொரு ஆளின் பார்வை போலவே எட்டாமல் இருக்கிறது. பிறரைப் புரிந்துகொள்வதும் நேற்றைய தன்னைப் புரிந்துகொள்வதும் ஒரே வேரிலிருந்து வருகிறதோ என்று இந்த ஒரு பதில் ஆய்வாளர்களை யோசிக்க வைத்தது, எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு 1991-இல் ஆவிஸும் ஹாரிஸும் வெளியிட்ட வேலையைக் காட்டுவேன். மத்திய ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டுக் காட்டுப்பகுதியில் வேட்டையாடி வாழும் பாக்கா மக்களின் பிள்ளைகளோடு, அவர்கள் குடியிருப்பிலேயே, அவர்களில் பெரியவர்களையே வைத்து நடத்தினார்கள். பெரியவர் ஒருவர் சமைத்த மாங்கொட்டைப் பருப்பை மூடி போட்ட பாத்திரத்தில் வைத்துவிட்டு வெளியே போவார், மற்றவர் பிள்ளையிடம் அதை எடுத்து ஒளித்து வைக்கச் சொல்வார், திரும்பி வந்து எங்கே பார்ப்பார் என்ற கேள்வி. வயதில் மூத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடமும் இல்லை, படக்கதையும் இல்லை. 2001-இல் ஹென்றி வெல்மனும் கூட்டாளிகளும் 178 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோதும் இதே போக்குதான்: நாட்டுக்கு நாடு வயது முன்பின் ஆகலாம், தவறிலிருந்து சரிக்கு மாறுகிற பாதை ஒன்றாக இருக்கிறது. பொம்மையா நிஜ ஆளா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. பிள்ளையே ஒளித்து வைக்கும் வேலையில் சேர்ந்தால், ஏமாற்றுவதற்காகத்தான் மாற்றுகிறோம் என்று தெளிவாகச் சொன்னால், பதில் மேம்பட்டது.

ஒரு எச்சரிக்கை. 1985-இல் சைமன் பரோன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் இதே மாதிரி ஒரு கதையை, சாலி, ஆன் என்ற இரண்டு பொம்மைகளை வைத்து, ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளிடம் நடத்தினார்கள். 16 பேர் தவறினார்கள், 4 பேர் சரியாகச் சொன்னார்கள். டௌன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளிலும் மற்றப் பிள்ளைகளிலும் ஐந்தில் நாலு பேருக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். இந்த எண்ணைப் படித்துவிட்டு, டப்பாக் கேள்வியில் தவறிய பிள்ளையைப் பார்த்து 'இதுக்கு ஆட்டிசம்' என்று சொல்லிவிடாதீர்கள். அந்த நாலு பேரை யோசித்துப் பாருங்கள், அப்புறம் மூன்று வயதில் தவறுகிற ஆயிரக்கணக்கான சாதாரணப் பிள்ளைகளை. காது சரியாகக் கேட்காத பிள்ளையும், பயந்த பிள்ளையும், தூக்கம் வந்த பிள்ளையும் தவறும். நோய் கண்டுபிடிப்பது பயிற்சி பெற்ற மருத்துவரும் உளவியலாளரும் பல வழிகளில் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

அடுத்தவர் மனதில் தவறான நம்பிக்கை இருக்கலாம் என்பது ஒன்றேகால் வயதுக் குழந்தைகளுக்கே ஓரளவு தெரிகிறது என்று, அவர்கள் எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறார்கள் என்பதை அளந்து 2005-இல் ஒனிஷியும் பைலார்ஜனும் எழுதினார்கள். பிறகு பல இடங்களில் திரும்பச் செய்தபோது அதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. சண்டை இன்னும் ஓயவில்லை, தொடங்குபவர்கள் இதை ஓரமாக வைத்துவிடலாம்.

படி 4: பெரியவர்களைச் சோதியுங்கள்

ஐந்து வயதில் பாஸ் செய்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்தால், போவாஸ் கெய்சாரும் கூட்டாளிகளும் 2000-இல் செய்ததைப் பாருங்கள். நாலுக்கு நாலு தட்டு உள்ள ஒரு அடுக்கு, நடுவில். ஒரு பக்கம் சோதனைக்கு வந்தவர், எதிர்ப்பக்கம் 'இதை எடு, அதை நகர்த்து' என்று சொல்கிற ஆள். சில தட்டுகள் எதிர்ப்பக்கம் அடைத்திருப்பதால் அதில் இருப்பது அவருக்குத் தெரியாது. மூன்று அளவில் மெழுகுவர்த்தி இருக்கிறது, மிகச் சின்னது அடைத்த தட்டில். அவர் 'சின்ன மெழுகுவர்த்தியை எடு' என்றால், அவருக்குத் தெரிகிற இரண்டில் சின்னதைத்தான் சொல்கிறார். படித்த பெரியவர்களின் கண்களைக் கருவி வைத்துப் பின்தொடர்ந்தபோது, அது முதலில் போனது அடைத்த தட்டில் இருந்த மிகச் சின்னதற்கு. சிலர் கையையே அங்கே நீட்டினார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிட அதிகமாகத் தவறுகிறார்கள் என்று 2010-இல் டூமான்டெய்லும் கூட்டாளிகளும் காட்டினார்கள், ஆகவே படிவம் 4 மாணவன் 'சொன்னது புரியல' என்றால் உடனே திட்ட வேண்டாம்.

எப்லியும் கெய்சாரும் சேர்ந்து 2004-இல் வைத்த விளக்கம் இது: பெரியவரும் முதலில் தன் இடத்திலிருந்துதான் பார்க்கிறார், பிறகு சுதாரித்துத் திருத்திக்கொள்கிறார். பிள்ளைக்கு அந்தத் திருத்தம் தாமதமாகிறது, அல்லது வருவதில்லை. அவசரம், களைப்பு, வேறு கவலை இருந்தால் பெரியவருக்கும் திருத்தம் பாதியில் நின்றுவிடும். விடிவதற்குள் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை கொடுக்கிற இடத்துக்கு) கிளம்புகிற வீட்டில் காலையில் நடக்கிற வாக்குவாதங்களை இந்த விளக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள்.

அடுக்கு செய்ய 16 சப்பாத்துப் பெட்டிகள் போதும், சப்பாத்துக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். சில பெட்டிகளின் பின்பக்கத்தை வெட்டிவிட்டு, சிலவற்றை அப்படியே விட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுங்கள். கண்ணைப் பின்தொடரும் கருவி இல்லாவிட்டால் எடுப்பவரின் கையைக் காணொளி எடுத்து, எங்கே தயங்கியது, எங்கே போய்த் திரும்பியது என்று பிற்பாடு பாருங்கள்.

அடுக்கு செய்ய நேரம் இல்லையா, தாளம் போடும் விளையாட்டைச் செய்யுங்கள். ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990-இல் தன் ஆய்வேட்டுக்காகச் செய்தது. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டை மேசையில் விரலால் தட்டுவார், மற்றவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் 3 பாட்டுதான் பிடிபட்டது. நம் கூட்டத்தில் தேசிய கீதமான நெகாராகூவைத் தட்டச் சொல்லுங்கள், ஆனால் தட்டும் முன்பே 'எத்தனை பேர் கண்டுபிடிப்பாங்க?' என்று எழுதி வாங்கிவிடுங்கள், எழுதி வாங்காவிட்டால் சோதனையே இல்லை. தட்டுகிறவர் மனதில் முழு இசையும் ஓடிக்கொண்டிருக்கும், எதிராளிக்குக் கேட்பது வெறும் டொக் டொக்.

நெற்றியில் எழுத்து எழுதுகிற சோதனையும் பிரபலம். விரலால் தன் நெற்றியில் ஆங்கில 'இ' எழுதச் சொன்னால், பார்ப்பவர் படிக்கிற மாதிரி எழுதுகிறாரா, தனக்கு நேராக எழுதுகிறாரா என்று பார்ப்பது. தமிழில் செய்தால் 'ட' சரியாக வரும், 'ப' வேண்டாம், அது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். 2006-இல் ஆடம் கலின்ஸ்கியும் கூட்டாளிகளும், தங்களுக்கு அதிகாரம் இருந்த ஒரு சமயத்தை நினைத்து எழுதியவர்கள் தனக்கு நேராக எழுதுவது அதிகம் என்று சொன்னார்கள். மண்டோர் (தோட்டத்துக் கங்காணி), மேலாளர் என்று பெயர் சொல்லிச் சிரிக்க வசதியான முடிவு, ஆனால் ஒரே ஆய்வை வைத்து யாரையும் எடை போடாதீர்கள்.

நம் ஊருக்கு நேராகப் பேசுகிற ஆய்வு 2015-இல் வந்தது. சமந்தா ஃபேனும் கெய்சாரும் இன்னும் சிலரும் அமெரிக்காவில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகள் 72 பேரை, மேலே சொன்ன அடுக்குச் சோதனையின் எளிய வடிவத்தில் உட்கார வைத்தார்கள். ஒரே மொழி கேட்டு வளர்ந்தவர்கள் ஏறக்குறைய பாதி முறைதான் சரியாக எடுத்தார்கள். இரண்டு மொழி பேசுகிறவர்கள் முக்கால்வாசி. வியப்பு மூன்றாவது கூட்டத்தில்: ஒரு மொழிதான் பேசுவார்கள், ஆனால் இன்னொரு மொழி காதில் விழுந்து வளர்ந்தவர்கள், அவர்களும் முக்கால்வாசி. யார் எந்த மொழி பேசுகிறார், யாருக்கு எது புரியும் என்று தினமும் கவனித்து வளர்வதால் இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் இந்தோனேசியத் தொழிலாளியின் மலாய், மளிகைக் கடையில் சீனம், தொலைக்காட்சியில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தால் என்ன கிடைக்கும்? ஒரே மொழி கேட்டு வளர்ந்த பிள்ளையைத் தேடுவதுதான் இங்கே கஷ்டமாக இருக்கும், அதுவே நல்ல ஆய்வுக் கேள்வி. இளநிலைப் பட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: விருப்பமும் உணர்வும்

1997-இல் ரெப்பசோலியும் கோப்னிக்கும் குழந்தைகளுக்கு முன்னால் இரண்டு கிண்ணம் வைத்தார்கள், ஒன்றில் பிஸ்கட், ஒன்றில் பச்சை பிராக்கோலி. ஆய்வாளர் பிராக்கோலியைச் சாப்பிட்டு 'ம்ம்' என்று மகிழ்ந்து, பிஸ்கட்டுக்கு முகம் சுளித்துவிட்டுக் கை நீட்டினார். 14 மாதக் குழந்தை தனக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தது, 18 மாதக் குழந்தை பிராக்கோலியைக் கொடுத்தது. வீட்டில் செய்வதானால் பெத்தாயும் (வாடை தூக்கலான பச்சைக் கொட்டை) பிஸ்கட்டும் போதும், ஆனால் நடிப்பு நன்றாக இருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு இந்தப் பகுதியில் வினாப்பட்டியல்தான் அதிகம் புழங்குகிறது. மார்க் டேவிஸ் 1983-இல் விளக்கிய பட்டியலில் 28 வாக்கியங்கள், அதில் 7 மட்டுமே அடுத்தவர் பார்வையை எடுப்பது பற்றியவை, மற்றவை கற்பனை, இரக்கம், தனக்கு ஏற்படும் பதற்றம் பற்றியவை. பயன்படுத்துங்கள், ஆனால் அது ஒருவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைத்தான் சொல்லும். அடுத்து, அறிவுறுத்தலைக் கவனியுங்கள்: 'இது உங்களுக்கு நடந்தால் எப்படி இருக்கும்?' என்பதும் 'அவருக்கு எப்படி இருக்கும்?' என்பதும் ஒன்றல்ல. 1997-இல் டேனியல் பேட்சனும் கூட்டாளிகளும் இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் இரக்கம் வந்தது, முதலாவதில் கேட்பவருக்கே மனக்கலக்கமும் சேர்ந்து வந்தது. துக்க வீட்டில் ஆறுதல் சொல்லப் போய்த் தானே உடைந்து போகிறவர்கள் எந்தக் கேள்வியை மனதில் கேட்டுக்கொள்கிறார்கள் என்று யோசியுங்கள்.

அப்புறம் 2018-இல் தால் ஏயல், மேரி ஸ்டெஃபெல், எப்லி மூவரும் 25 சோதனைகளை வைத்து ஒன்று சொன்னார்கள். அடுத்தவர் இடத்தில் இருந்து யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் என்ன நினைக்கிறார், என்ன விரும்புகிறார் என்று ஊகிக்கச் சொன்னால் துல்லியம் கூடவில்லை. அவரிடமே பேசிக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களுக்குத்தான் கூடியது. யோசிப்பதால் நம் தன்னலம் குறையலாம், உறவு இளகலாம், ஆனால் சரியான பதில் அவர் வாயில்தான் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குச் சில பெற்றோர் ஏன் வருவதில்லை என்று மணிக்கணக்கில் ஊகிப்பதற்குப் பதில், லயத்துக்கு ஒரு நடை போய்க் கேட்கலாம்.

செய்யும்போது கைப்பிடிக்க வேண்டியவை

அனுமதி முதலில். உறவுக்காரப் பிள்ளையானாலும் பெற்றோரிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், பிறகு பிள்ளையிடமும் 'விளையாடலாமா?' என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். தமிழ்ப்பள்ளிக்குள் முறையான ஆய்வாகச் செய்வதென்றால் தலைமையாசிரியர் சரி என்றால் மட்டும் போதாது, கல்வி அமைச்சின் அனுமதி வேண்டும். பல்கலைக்கழக மாணவராக இருந்தால் உங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடமும் போக வேண்டும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகலாம், திட்டத்தில் அதற்கு இடம் விடுங்கள்.

வயதை மாதத்தில் எழுதுங்கள். 48 மாதப் பிள்ளையும் 59 மாதப் பிள்ளையும் தாளில் 'நாலு வயது' என்று ஒன்றாகிவிடும், டப்பாக் கேள்வியில் அவர்கள் ஒன்றல்ல. வீட்டில் காதில் விழும் மொழிகள், அண்ணன் அக்கா எத்தனை பேர், இதையும் குறியுங்கள். பிள்ளையின் பெயருக்குப் பதில் எண் போடுங்கள், படத்தையும் காணொளியையும் புலனத்தில் (வாட்ஸ்அப்) யாருக்கும் அனுப்பாதீர்கள். பதிலை 'சரி, தவறு' என்று மட்டும் எழுதாமல் பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், 'முத்து அக்காட்ட கேப்பான்' என்று ஒரு பிள்ளை சொன்னால் அது தவறா என்று பிறகு உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். முடிந்ததும் 'கெட்டிக்காரப் பிள்ளை' என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள், டின்னில் பொத்தான் வைத்தது நீங்கள்தான் என்பதைச் சொல்லிவிடுங்கள், பிஸ்கட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.